மருந்தின் அளவும் மரபின் வழியும்

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை, ஆஸ்பத்திரியில் கடும் சிகிச்சையின் முதற்கட்டங்களைக் கடந்து வீடு திரும்பிய பின்னரும், வருஷக்கணக்கில் நாள்தோறும் விழுங்கியாக வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. மெர்காப்டோபியூரின் என்பது அதன் பெயர். ஜெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அமெரிக்காவில் உருவாக்கி, 1953-இல் புழக்கத்துக்கு வந்த ஔஷதம் அது.

நோயணுவை அழிக்கும் அதே மருந்து, உடம்பில் மிதமிஞ்சித் தேங்கினால், நல்ல வெள்ளணுக்களையும் அழித்து, சாதாரணக் காய்ச்சலும் பிராணாபத்தாக முடியும் நிலையில் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு குழந்தை முழு அளவைச் சுகமாகத் தாங்க, அதே எடையுள்ள மற்றொன்று கால் மாத்திரைக்கே துவண்டுபோவதேன்? தேகவாகு என்று சொல்லிக் கடந்துவிடலாம், அது விடையாகாது. ஐரோப்பிய வம்சத்தவரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி. என்ற நொதி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு அறவே இயங்குவதில்லை என்று கண்டு, அதற்கொரு பரிசோதனையும் வகுத்தார்கள். ஆனால் அந்தப் பரிசோதனையில் குறையொன்றும் காணப்படாத கிழக்காசியக் குழந்தைகள் பலருக்கும் வெள்ளணுக்கள் சரிந்தன.

மர்மம் அவிழ்ந்தது குழந்தைகளிடத்திலன்று. இதற்கு உறவான மருந்தைக் குடல் அழற்சிக்கு உட்கொண்ட கொரிய நோயாளிகளிடத்தில், 2014-இல். நட்-15 என்ற வேறொரு மரபணுவின் பிறழ்வே காரணம். மறு ஆண்டே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியினர், தாய் தந்தை இருவழியிலும் இப்பிறழ்வைப் பெற்ற குழந்தைகள், விதிக்கப்பட்ட அளவில் சராசரியாக நூற்றுக்கு எட்டுப் பங்கைத்தான் தாங்கினார்கள் என்று காட்டினர். பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது அற்ப வித்தியாசமா?

கிழக்காசியரிடமும், அமெரிக்கப் பூர்வகுடிகளின் இரத்தக் கலப்புள்ள ஹிஸ்பானியரிடமும் இப்பிறழ்வு கணிசமாக உண்டு, ஐரோப்பியரிடம் அபூர்வம். நம் இந்தியக் குழந்தைகளிடமும் டி.பி.எம்.டி. குறையைக் காட்டிலும் இதுவே அதிகம் காணப்படுகிறது. ஆயினும் இனத்தின் பெயரைக் கேட்டு மருந்தை நிறுப்பது எனக்கு உடன்பாடன்று. ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில் பிறந்த இரு குழந்தைகளுக்குக்கூட இம்மரபணு வேறுபடலாமாதலின், பார்க்க வேண்டியது அந்தந்தக் குழந்தையின் இரத்தத்தையே.

தம் பிள்ளைக்கு மட்டும் மாத்திரையைக் குறைத்துவிட்டார்களே என்று கலங்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன்: இத்தகைய குழந்தையின் அணுக்களில் மருந்தின் வீரியப் பகுதி கழியாமல் தேங்குவதால், அந்தச் சிறு துணுக்கே பிறருடைய முழு மாத்திரையின் வேலையைச் செய்கிறது. அளவைத் தாமாகக் கூட்டாமலும் குறைக்காமலும், வைத்தியர் குறித்த நாளில் இரத்த அணுக்களை எண்ணச் செய்துவந்தால் போதுமானது.