மலையின் முன் நின்ற சிறுவன்



கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்துடன் மலைக்கோ வனத்துக்கோ சென்று வருவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. சென்று திரும்பிய மறுநாள் கைப்பேசியைத் திறந்தால் முந்நூறு நானூறு படங்கள் நிறைந்திருக்கும். “அங்கே என்னப்பா பார்த்தாய்?” என்று பாட்டி கேட்டால், பேரன் கைப்பேசியை நீட்டுவானே அன்றி, கண்டதைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்ல அவனால் இயலாது. இதில் குழந்தையின் குற்றம் ஏதுமில்லை. காண்பதற்கும் படம் எடுப்பதற்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு கணம் எங்கோ தொலைந்துவிட்டது. அக்கணத்தை ஒரு சிறுவன் எவ்வாறு கண்டெடுத்தான், அதனால் அவனுக்கும் உலகுக்கும் என்ன விளைந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

அச்சிறுவனின் பெயர் ஆன்சல் ஆடம்ஸ். அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று பிறந்தவன். அவனுக்கு நான்கு வயதானபோது, 1906-இல், அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதனைத் தொடர்ந்து வந்த அதிர்வொன்றில் தோட்டத்துச் சுவரில் மோதி மூக்கு உடைந்தது. அக்கோணல் இறுதிவரை அவன் முகத்தில் இருந்தது. மரத்தொழிலால் செழித்த குடும்பம் 1907-இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடிக்குப் பின் நொடித்துப்போயிற்று. இவற்றைவிடப் பெற்றோரை வருத்தியது மற்றொன்று. பையனால் வகுப்பறையில் ஓரிடத்தில் அமர இயலவில்லை. ஒரு பள்ளி மாற்றி இன்னொரு பள்ளி என்று சேர்த்தும் பயனில்லை. ‘இவன் தேற மாட்டான்’ என்று எளிதில் முத்திரை குத்திவிடக்கூடிய நிலை அது.

தந்தை சார்லஸ் ஆடம்ஸ் அம்முத்திரையை ஏற்கவில்லை. 1915-ஆம் ஆண்டில் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே கல்விக்கு ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றுக்கொண்டிருந்தது. அதற்கு ஆண்டு முழுவதும் சென்று வர அனுமதிச்சீட்டு வாங்கி மகன் கையில் கொடுத்தார். ஓவியக்கூடமும் இயந்திரக்கூடமும் அச்சிறுவனுக்கு வகுப்பறைகளாயின. எஞ்சிய பொழுதில் பியானோ பயின்றான். ஓரிடத்தில் அமராதவன் இசையின் முன் மணிக்கணக்கில் அமர்ந்தான். கவனமில்லாத பிள்ளை என்று பிறர் எண்ணியவனிடம் கவனம் நிறைய இருந்தது. அது தங்குவதற்கேற்ற இடந்தான் அதுவரை அமையவில்லை.

1916-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவன் உடல்நலமின்றிப் படுத்திருந்தான். உடன் வாழ்ந்த, தாயின் சகோதரி மேரி, அவன் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய நூலைக் கொடுத்தார். ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் என்பவர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதி 1886-இல் வெளிவந்த நூல் அது. படுக்கையில் கிடந்தபடி அதனைப் படித்த சிறுவன், எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீட்டாரை நச்சரிக்கத் தொடங்கினான். அவ்வாண்டு விடுமுறைக்கு யோசெமிட்டி தவிர வேறெங்கும் செல்லக்கூடாது என்பது அவன் பிடிவாதம். வீட்டார் இணங்கினர்.

யோசெமிட்டி, கலிபோர்னியா மாநிலத்தின் சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்தது. பனியாறுகள் நெடுங்காலம் அரித்துச் செதுக்கிய கருங்கல் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் உச்சியிலிருந்து வீழும் அருவிகள். யோசெமிட்டி அருவி மூன்று கட்டங்களாக ஏறத்தாழ 739 மீட்டர் இறங்குகிறது. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில், நடுவே பிளந்த குவிமாடம் போல் நிற்பது ‘ஹாஃப் டோம்’ என்னும் பாறை மலை. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 2,694 மீட்டர். 1864-இல் ஆபிரகாம் லிங்கன் இப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1890-இல் சுற்றியுள்ள பெருநிலப்பரப்பு தேசியப் பூங்கா ஆயிற்று.

ஜூன் மாதத் தொடக்கத்தில் அக்குடும்பம் புறப்பட்டது. மெர்சிட் என்னும் ஊர் வரை புகைவண்டி. அங்கிருந்து எல் போர்ட்டல் வரை மற்றொரு புகைவண்டி. அதன்பின் மலைப்பாதையில் பேருந்து. பள்ளத்தாக்கு முதன்முதலாகக் கண்ணில் பட்டபோது எங்கும் ஒளி நிறைந்திருந்ததாகவே பிற்காலத்தில் ஆடம்ஸ் நினைவுகூர்ந்தார். கறி முகாமில் கூடாரம் ஒன்றில் தங்கினர். அங்கேதான் பெற்றோர் மகனுக்கு ஒரு பரிசு கொடுத்தனர்: கோடக் நிறுவனத்தின் ‘பிரவுனி’ பெட்டிக் கேமரா. 1900-இல் ஒரு டாலர் விலையில் இந்த வகைக் கேமரா முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, சிறுவரும் இயக்கலாம் என்பதே அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம். ஓர் அட்டைப் பெட்டி, ஒரு வில்லை, ஒரு விசை, அவ்வளவே.

சிறுவன் பள்ளத்தாக்கு முழுவதும் ஓடினான். ஒரு நாள் ஹாஃப் டோம் மலையைப் படம் எடுக்க உயரமான இடம் தேடி, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்றின்மேல் ஏறினான். உளுத்திருந்த கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. தலைகீழாக விழும்போது விரல் விசையை அழுத்திவிட்டது. படச்சுருளைக் கழுவிக் கொடுத்த கடைக்காரருக்கு ஒரு படம் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது என்பது விளங்கவில்லை. அப்படத்தை ஆடம்ஸ் இறுதிவரை அன்புடன் போற்றினார்.

அவ்வாண்டு அவன் எடுத்தவை சாதாரணப் படங்களே. இன்று எந்தக் குடும்பத்தின் பழைய ஆல்பத்தில் இருந்தாலும் தனியே தெரியாதவை. ஆனால் ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது, தான் கண்ட மலை அவற்றில் இல்லை என்பதை அவன் உணரத் தொடங்கினான். பாறை இருந்தது, அதன் முன் நின்றபோது நெஞ்சில் எழுந்த வியப்பு இல்லை. பெரும்பாலோர் அவ்விடத்தில் கேமராவைக் குறை கூறுவர், அல்லது விலையுயர்ந்த வேறொன்றை வாங்குவர். அவன் தொழில் கற்கப் போனான். 1917-இல், படம் கழுவும் தொழில் செய்த ஒருவரிடம் இருட்டறை வேலைக்குப் பகுதிநேரமாகச் சேர்ந்தான். அதே ஆண்டு யோசெமிட்டிக்கு மீண்டும் சென்றான். அதன்பின் தம் வாழ்நாளில் ஓர் ஆண்டும் அவர் அங்குச் செல்லாமல் இருந்ததில்லை.

பதினோராண்டுகள் கழிந்தன. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பின்னர் தமக்கு மனைவியாக வந்த வர்ஜீனியாவுடனும் நண்பர்களுடனும் ஆடம்ஸ் ஹாஃப் டோம் மலையின் முகத்தை நேர்நின்று காணக்கூடிய ஒரு பாறை விளிம்புக்கு ஏறினார். பனி படிந்த வழி; முதுகில் பெரிய கேமராவும் முக்காலியும். உடன் கொண்டுசென்ற கண்ணாடித் தகடுகள் 12. ஒரு தகட்டில் ஒரு படமே எடுக்க இயலும். வழியிலேயே பல செலவாகிவிட்டன. பிற்பகலில் கதிரவன் ஒளி பாறை முகத்தில் படரும் வரை காத்திருந்தார். அப்போது கையில் எஞ்சியவை இரண்டே தகடுகள்.

முதல் தகட்டில் மஞ்சள் வடிகட்டியிட்டுப் படம் எடுத்தார். அது பிழையற்ற படம். ஆயினும் எடுத்த உடனே அவர் உள்ளத்தில் ஒரு நெருடல் எழுந்தது. கண்ணுக்குத் தெரியும் மலை அப்படத்தில் வரும். தம் நெஞ்சை அழுத்தி நிற்கும் மலை வருமா? அவர் கண்களை மூடிக்கொண்டாற்போல் உள்ளத்தில் அப்படத்தை முன்னதாகவே கண்டார். வானம் கருமையாக வேண்டும். அக்கருமையின் முன் பாறை ஓங்கி நிற்க வேண்டும். கருஞ்சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆதலால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலவானம் ஏறத்தாழ இருண்டுவிடும். எஞ்சிய ஒரே தகட்டை அவ்வாறு பயன்படுத்தினார். மறுமுறை முயல வழியில்லை. அன்று கிடைத்ததே ‘மோனோலித்’ என்னும் புகழ்பெற்ற படம்.

உள்ளத்தில் முதலில் கண்டு, பின்னரே விசையை அழுத்தும் இம்முறையை அவர் பிற்காலத்தில் மாணவர்க்கெல்லாம் கற்பித்தார். ‘இக்காட்சி என்னுள் எதனை எழுப்புகிறது? அதனைப் பார்ப்பவர்க்கு உணர்த்த இப்படத்தில் எது இருக்க வேண்டும், எது இருக்கக்கூடாது?’ என்னும் இரண்டு வினாக்களில் அம்முறை அடங்கிவிடும். ஏப்ரல் மாதத்து அந்தப் பிற்பகலில், ஒரே தகடு கையிலிருந்த அந்தச் சில நிமிடங்களில், அவர் இவ்வினாக்களை எழுப்பாமல் இருந்திருந்தால், பிழையற்ற ஒரு படத்துடன் மனநிறைவுகொண்டு இறங்கியிருப்பார்.

குடும்பத்தார்க்கு அவர் இசைக்கலைஞராக வேண்டும் என்பதே விருப்பம். ஆன்மாவின் உணர்வைக் கேமராவால் வெளிப்படுத்த முடியுமா என்று வீட்டில் வருந்தினர். கேமராவால் இயலாமற் போகலாம், அதனைக் கையாள்பவனால் இயலக்கூடும் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். அவ்விடை மெய்யாயிற்று. 1936-இல், கிங்ஸ் கேன்யன் என்னும் மலைநிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டித் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று உறுப்பினர்களைச் சந்தித்தார். அம்முறை பயன் கிட்டவில்லை. 1938-இல் சியரா நெவாடாப் படங்களை நூலாக வெளியிட்டு, அதன் படியொன்றை உள்துறைச் செயலர் ஹரால்டு இக்கஸ் அவர்களுக்கு அனுப்பினார். அந்நூல் குடியரசுத்தலைவர் ரூஸ்வெல்ட் கைக்கும் சென்றது. 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா ஆயிற்று. அம்முடிவுக்குப் பலர் பல்லாண்டு உழைத்தனர். அவ்வுழைப்பில் அப்படங்களுக்கும் பங்குண்டு.

இங்கு மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஒரு படம், தன் சட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே காட்டும். ஆடம்ஸ் எடுத்த யோசெமிட்டிப் படங்களில் பெரும்பாலானவற்றில் மனிதர் இல்லை. ஆனால் அது ஆளில்லா நிலமாக இருந்ததன்று. அவாநீச்சி என்னும் பழங்குடியினர் அங்கு வழிவழியாக வாழ்ந்தனர். 1851-இல் ஆயுதமேந்திய படையொன்று புகுந்து அவர்களை வெளியேற்றியது. திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் சிலர், அச்சிறுவன் கேமராவுடன் ஓடித்திரிந்த நாளிலும் அப்பள்ளத்தாக்கில் இருந்தனர். அழகிய படத்தைக் காணும்போது அதன் விளிம்புக்கு வெளியே யார் நின்றார் என்று எண்ணிப் பார்ப்பதும் பார்வையின் பகுதியே.

1937-இல் யோசெமிட்டியில் அவருடைய இருட்டறையில் தீப்பற்றி, பல ஆண்டு உழைப்பில் உருவான தகடுகள் பல அழிந்தன. அதன் பின்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் அவர் உழைத்தார். 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, 82-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு யோசெமிட்டியின் மலைமுடி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஓர் ஆண்டில் குறிப்பிடத்தக்க படங்கள் 12 கிடைத்தால் அது நல்ல விளைச்சல் என்பது அவருடைய கணக்கு. கைப்பேசியில் ஒரு பகலில் நானூறு படங்களைச் சேர்க்கும் காலத்தில் அக்கணக்கு வியப்பளிக்கும்.

ஆதலால் அடுத்த பயணத்தின்போது இல்லங்களில் செய்து பார்க்கத்தக்கவை சில உண்டு. மலையோ மரமோ மானோ, எதன் முன் நின்றாலும் முதல் ஒரு நிமிடம் கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். குழந்தை படம் எடுக்கும் முன், ‘இதில் உனக்குப் பிடித்தது எது?’ என்று ஒரு வினா போதும். விடையைத் திருத்த வேண்டா. வீடு திரும்பியதும் எல்லாப் படங்களிலிருந்தும் பன்னிரண்டை மட்டும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அவற்றைத் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து காட்டி, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தார்கள் என்று சொல்லட்டும். எஞ்சியவற்றை விட்டுவிடுவதில் வருத்தம் தோன்றும். எதனை விடுவது என்று தெரிந்துகொள்வதே அப்பயிற்சியின் பாதி.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஒரு நாளில் மலைமீது படங்கள் எடுத்த கலைஞரை உலகம் கொண்டாடுகிறது. ஆனால் அதற்கு முன்பே, வகுப்பறையில் அமராத பிள்ளையைப் பற்றித் தந்தை ஒருவர் பொறுமையுடன் ஒரு முடிவெடுத்தார். தாயின் சகோதரி நோயுற்ற பிள்ளைக்கு ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். நொடித்த குடும்பம், பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கிப் புகைவண்டி ஏறியது. கூடாரத்தில் அவன் கையில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தது. அவர்களுள் எவருக்கும் அதன்பின் நிகழவிருப்பது தெரியாது. பிள்ளை எதன் முன் அமைதியாக நிற்கிறான் என்பதை மட்டும் அவர்கள் கவனித்தார்கள்.

அத்தகைய கவனிப்பு ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெறுக.