துருவும் பொறுமையும்



மட்டாஞ்சேரிக் காயற்கரையில் மோட்டார்ப் பட்டறை நடத்தும் தமிழர் நாம். எதிரே, துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணால் எழுந்த வில்லிங்டன் தீவு, இடையே உப்புநீர். வேலியேற்றக் காலத்தில் அந்நீர் தாழ்ந்த தெருக்களுக்குள்ளும் வந்து மீள்கிறது. ஆகவே இவ்வூர் வண்டிகளுக்கு முதற்பகை துரு. தமிழில் துரும்பு என்றால் அற்பப் பொருள். மலையாளத்திலோ துருவுக்கே அப்பெயர். அற்பமென்று இகழத்தகாத துரும்பு அது.

முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும், அதை வண்டியோடு பிணைக்கும் கையையும் இணைப்பது பால் ஜாயின்ட். தோளெலும்பு கிண்ணத்துக்குள் சுழல்வதுபோல், எஃகுக் குண்டு ஒன்று கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அதனாலேதான் சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறியிறங்கவும், இடம்வலமாகத் திரும்பவும் முடிகிறது. ரப்பர் உறை கிழிந்தால் நீர் புகும், கிரீஸ் கெடும், குண்டு தேயும். புதியதைப் பொருத்துவது எளிது; பழையதைக் கழற்றுவதே அரிது. இரும்பு துருவாகும்போது பருத்து, முன்னிலும் அதிக இடம் கொள்கிறது. துளைக்குள் நிற்கும் தண்டைச் சுற்றி, ஆப்பு அறைந்தாற்போல் இறுகிவிடுகிறது.

ஓர் ஆடி மாதத்து மாலையில், நம்மூர் அன்பர் ஒருவர் பழைய காரைக் கொண்டுவந்தார். மறுநாள் விடியலில் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குக் குடும்பத்துடன் புறப்பட வேண்டும், தாயாருக்குத் திதி. "சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். கிரீஸ் வைத்து அனுப்பிவிடுங்கள், அண்ணாச்சி. மற்றதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்வோம்" என்றார். சக்கரத்தை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைத்தோம். ஆட்டம் கையில் தெரிந்தது. மாற்றாமல் அனுப்புவதற்கில்லை என்றோம். அவர் முகம் சுருங்கியது.

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பார்கள். உண்மைதான், ஆனால் எங்கே அடிப்பது என்பதை அறிந்திருக்க வேண்டும். தண்டின் மரையில் அடித்தால் மரை நசுங்குமேயன்றி, தண்டு அசையாது. கூம்புத் தண்டுள்ள வண்டிகளில், பின்னைக் கழற்றி நட்டைத் தளர்த்திச் சில மரைகளிலே விட்டுவைக்க வேண்டும். திடீரென விடுபட்டாலும் கை துள்ளிவந்து தாக்காது. பிறகு, தண்டு நுழைந்துள்ள கண்ணின் ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அணைகொடுத்து, மறுபக்கம் ஓங்கித் தட்ட வேண்டும். அதிர்ச்சியால் கூம்பின் பிடி விடும். புல்லரை முறுக்கிவைத்துத் தட்டுவது இன்னும் நலம்.

அன்று வந்த கார் வேறு வகை. பிளவுபட்ட கண் ஒன்றைப் போல்ட்டு இறுக்கியிருந்தது. அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது; தண்டின் பள்ளத்தில் அது குறுக்கே நிற்பதால், முழுதும் உருவ வேண்டும். எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டோம். அவசரப்பட்டிருந்தால் போல்ட்டு முறிந்திருக்கும்; துளைபோட்டு எடுப்பதிலேயே இரவு கழிந்திருக்கும். போல்ட்டு வந்தபின் பிளவில் உளியை மெல்லச் செலுத்தி, கையைக் கீழ்நோக்கி அழுத்தினோம்.

சூடு காட்டலாமே என்று அன்பர் கேட்டார். இருபது மில்லிமீட்டர்த் துளையை இருநூறு டிகிரி சூடேற்றினால் விரிவது ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். அதுவும் சில வேளை போதும். ஆனால் அருகே பிரேக் குழாய், பேரிங், ரப்பர் இருக்கின்றன. செக்கச் சிவக்கக் காய்ச்சினால் எஃகின் உரமும் கெடும். ஆதலின் அது கடைசி வழி. கீழ்க்கையின்மேல் சுருள்வில் அமர்ந்த வண்டியானால், அக்கைக்கு ஜாக்கியை முட்டுக்கொடுக்காமல் எதையும் கழற்றலாகாது. வில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பதும் கூடாது, ஸ்டாண்டு அவசியம்.

நள்ளிரவு கடந்து தண்டு விடுபட்டது. அன்பரின் கையில் கொடுத்து, சற்று இழுத்துப் பார்க்கச் சொன்னோம். இழுத்தார். குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. மலைப்பாதை வளைவில் அது நேர்ந்திருந்தால் சக்கரம் மடங்கியிருக்கும், ஸ்டியரிங் பயன்பட்டிராது. அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னிருக்கையில் குழந்தைகளுக்காக விரித்திருந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவைத் தேய்த்துத் துடைத்து, புதியதைப் பொருத்தி, புத்தகம் கூறும் அளவுக்கு முறுக்கினோம். விடியலில் கார் புறப்பட்டது. சக்கர நேர்மையை ஊர் சேர்ந்ததும் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

வேற்றூரில் பிழைக்கும் நம்மவர்க்கு ஊர்ப்பயணம் எப்போதும் அவசரமே. நேயர்களே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.