விஞ்ஞானம் யாருடைய சொத்து?

(ஒரு பொதுக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், விஞ்ஞானிகள் தாங்கள் ஆராய்ந்து கண்டதைப் பொது ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியமா, இல்லையா என்பதாகும். இது காலேஜில் படித்த பெரிய மனிதர்கள் தங்களுக்குள் பேசிக் கொள்ள வேண்டிய காரியமாயிற்றே, ஏர் பிடிப்பவனுக்கும் தறி நெய்பவனுக்கும் இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். அப்படி நினைக்கும்படி நம்மைப் பழக்கி வைத்திருப்பதுதான் இதிலுள்ள முதல் கேடு என்று சொல்லுவோம்.

அறிவு என்பது வெகு காலம் வரை எல்லா நாட்டிலும் ஒரு சிலர் கையில் பூட்டப்பட்டே கிடந்திருக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் பூட்டுக்கு லத்தீன் பாஷை என்று பெயர். இத்தாலி நாட்டு கலீலியோ 1610-ல் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் தாம் கண்டதை முதலில் லத்தீனில்தான் எழுதினார். ஆனால் சூரியனில் உள்ள கறைகளைப் பற்றி 1613-லும், பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற வாதத்தைப் பற்றி 1632-லும் வெளியிட்ட புத்தகங்களைத் தம் ஊர்த் தெருவில் பேசும் இத்தாலிய பாஷையிலேயே எழுதினார். 1633-ல் மத அதிகாரிகள் அவரை விசாரித்து, மண்டியிட வைத்து, சொன்னதை மறுக்கச் செய்து, சாகும் வரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். பூமி சுற்றுகிறது என்றதுதான் குற்றம். ஆனால், கடைக்காரனும் கைத்தொழிலாளியும் படிக்கும் பாஷையில் அதைச் சொன்னதால் அந்தக் 'குற்றம்' எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்!

கொல்லன் மகன் கதை

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது மைக்கேல் பாரடே என்பவரைப் பற்றி. இவர் 1791-ல் லண்டனுக்கு அருகில் ஒரு ஏழைக் கொல்லனுக்கு மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். 14-வது வயதில் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த புஸ்தகங்களை ஒட்டித் தைத்ததோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். அப்படி அவர் கைக்கு எட்டியவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயன சம்பாஷணைப் புத்தகம். அந்த அம்மையார், ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் பிரசங்கங்களைக் கேட்கப் போய், முதலில் புரியாமல் திண்டாடி, பிறகு ஒரு நண்பரோடு பேசிப் பேசித் தெளிந்தவர். தாம் பட்ட பாட்டை மற்றப் பெண்களும் படக் கூடாது என்று, ஒரு ஆசிரியையும் இரண்டு பெண்களும் பேசிக் கொள்ளும் முறையில் அதை எழுதினார். முதற் பதிப்பில் தம் பெயரைக் கூடப் போட்டுக் கொள்ளவில்லை.

1812-ல் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் அதே டேவியின் நான்கு பிரசங்கங்களுக்கு இந்தப் பையனுக்கு டிக்கட்டு கொடுத்தார். பையன் கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பி வேலை கேட்டான். 1813-ல் ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளாகச் சேர்ந்தான். அந்தப் பையன்தான் 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டு பிடித்தான். இன்று அணையிலும் அனல் நிலையத்திலும் சுழலுகிற மின்சார யந்திரங்களுக்கு மூலம் அதுவே.

தோழர்களே! இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு விஞ்ஞானி மேடையேறிப் பேசினார். ஒரு பெண் அதைக் கேட்டுப் புஸ்தகம் எழுதினார். அதை ஒரு கூலிக்காரப் பையன் படித்தான். உலகத்துக்கு வெளிச்சம் கிடைத்தது. அந்த நான்கு டிக்கட்டுகள் கிடைக்காமல் போயிருந்தால்? அதே லண்டனில் டிக்கட்டு கிடைக்காத பையன்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்? அந்தக் கணக்கை எந்தச் சரித்திரக்காரனும் எழுதி வைக்கவில்லை.

மெழுகுவத்திப் பாடம்

பாரடே தாம் ஏறிய ஏணியை எட்டி உதைக்கவில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் கிறிஸ்துமஸ் காலப் பிரசங்கங்கள் சிறுவர்களுக்கென்று தொடங்கின. அவற்றில் பாரடே மட்டும் 19 வருஷங்களில் பேசியிருக்கிறார். அவைகளில் பேர் பெற்றது ஒரு சாதாரண மெழுகுவத்தியைப் பற்றிய ஆறு பிரசங்கங்கள். அது 1861-ல் புஸ்தகமாகவும் வந்தது.

மெழுகுவத்தியில் என்ன இருக்கிறது என்பீர்கள். இன்றிரவே வீட்டில் செய்து பாருங்கள். எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழும். அந்தப் புகையில் உடனே ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடாமலே தீ புகை வழியாகக் குதித்து இறங்கித் திரியைப் பற்றும். ஆகவே சுடராக எரிவது மெழுகின் ஆவிதான் என்று தெரிகிறது. குளிர்ந்த கரண்டியைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்தால் ஒரு கணம் ஈரம் படியும். தீயிலிருந்து தண்ணீர்! அதே கரண்டியைச் சுடருக்குள் வைத்தால் கரி படியும். அந்தக் கரித்துகள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதுதான் நாம் காணும் மஞ்சள் வெளிச்சம்.

இன்னும் ஒன்று. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஒரு பப்பாளித் தண்டு வழியாக ஊதுங்கள், உறிஞ்சி விடாதீர்கள்! நீர் பால் போல் ஆகும். மெழுகுவத்தி எரிந்த காற்றைப் பாத்திரத்தில் பிடித்து அதில் சுண்ணாம்புத் தெளிநீரை விட்டுக் குலுக்கினாலும் அப்படியே ஆகும். சுடர் விடும் காற்றும் நம் மூச்சில் விடும் காற்றும் ஒன்றே; நாம் தின்னும் சோறும் நமக்குள் சுடரில்லாமல் மெல்ல எரிகிறது என்று பாரடே பிள்ளைகளுக்கு விளக்கினார். இதில் எந்த இடத்திலாவது "நான் சொல்லுகிறேன், நம்பு" என்ற பேச்சு உண்டா? "நீயே செய்து பார்" என்பதுதான் உண்டு. விஞ்ஞானிக்கும் குருமாருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

மேஜை நகர்ந்த கதை

1853-ல் இங்கிலாந்தில் ஒரு பைத்தியம் பரவிற்று. சிலர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையை அதன் மேல் வைத்தால் மேஜை தானே நகருகிறதாம், சுழலுகிறதாம். ஆவி என்றார்கள் சிலர். மின்சாரம் என்றார்கள் சிலர். படிப்பும் பட்டமும் உள்ளவர்களே நம்பினார்கள். பாரடே அவர்களைப் பரிகசிக்கவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, ரப்பரால் கட்டி, மேல் பலகை துளி அசைந்தாலும் காட்டும்படி ஒரு முள்ளையும் பொருத்தினார். கையை வைத்தவர்கள் அந்த முள்ளைப் பார்க்க முடியாதபடி இருந்த போது கைதான் முதலில் தள்ளியது என்று கருவி காட்டிற்று. அவர்கள் முள்ளைப் பார்க்கும்படி வைத்தவுடன் ஆவியும் ஓடிற்று, மின்சாரமும் ஓடிற்று, மேஜை நின்ற இடத்திலேயே நின்றது! அவர்கள் மோசக்காரர்களல்ல, தங்கள் கை தள்ளுவது தங்களுக்கே தெரியாதவர்கள் என்று பாரடே விளக்கி, 1853 ஜூன் 30-ந் தேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பொது ஜனங்களின் மனத்தை இந்த நிலையில் விட்டு வைத்த கல்வி முறையில் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்றும் அதிலேயே கண்டித்தார்.

பாரடே நாஸ்திகரல்ல, தம் கிறிஸ்தவ சபையில் மிகுந்த பக்தியோடிருந்தவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மேஜையை அவர் பரீட்சித்த முறைதான் நமக்கு வேண்டியது.

நம் நாட்டில் 1995 செப்டம்பர் 21-ந் தேதி சிலைகள் பால் குடிக்கின்றன என்று ஊரெல்லாம் சொம்போடு ஓடிற்றல்லவா? அப்போது டில்லி விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். சாயம் சிலையின் மேல் வழிந்து இறங்கியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நீர்ப்பொருள்கள் ஈரமான கல்லோடு ஒட்டி இழுபடும் குணமே காரணம் என்று விளங்கிற்று.

ஒரு ஆட்சேபணை

"பாமரனுக்கு இதெல்லாம் புரியாது; அரைகுறையாகக் கேட்டுக் கெட்டுப் போவான்" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். புரியாது என்று சொல்லுகிறவர்கள் புரியும்படி சொல்லிப் பார்த்தார்களா என்று கேட்கிறோம். 1868-ல் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானி நார்விச் நகரத்துத் தொழிலாளிகளிடையே ஒரு சாக்குக்கட்டியை வைத்துக் கொண்டே, நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்த வரலாற்றைச் சொன்னார். தச்சனுக்கும் கொத்தனுக்கும் புரிந்தது.

நம் தேசத்து ஆராய்ச்சிச் சாலைகள் பெரும்பாலும் நடப்பது சர்க்கார் பணத்தில். சர்க்கார் பணம் என்பது தீப்பெட்டிக்கும் துணிக்கும் விலை கொடுத்து வாங்குகிற ஜனங்களின் பணம்தான். பணம் கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா? 1976-ல் செய்த 42-வது திருத்தத்தால், விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதியாகி விட்டது. சொல்லித் தராமலே கடமையைச் செய் என்றால் எப்படிச் செய்வது?

ஆகவே தோழர்களே! விஞ்ஞானிகளுக்கு நாம் சொல்லுவது, கண்டதை ஜனங்களின் பாஷையில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள் என்பதே. உங்களுக்குச் சொல்லுவது, விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக எதையும் நம்பி, பழைய குருவின் நாற்காலியில் புதிய குருவை உட்கார வைத்து விடாதீர்கள் என்பதே. "அது உமக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கும் காட்டும்" என்று கேளுங்கள். மெய்யான விஞ்ஞானி அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டான், சந்தோஷப்படுவான்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் குழந்தைகளைக் கூட்டி வைத்து அந்த மெழுகுவத்தியை ஏற்றுங்கள். அதற்கு யாரிடமும் டிக்கட்டு வாங்க வேண்டியதில்லை.