போனில் வரும் பாடம் யாருடைய பாடம்?

(சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் முதலமடையிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மூணாறு, தேவிகுளம் பக்கத்திலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறார்கள். கூலி, போனஸ், பட்டா என்று பேசுகிற மேடையில் இன்றைக்குப் போனில் படிக்கிற படிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "இதென்ன புதுக்கதை?" என்று சிலர் முகம் சுளித்தீர்கள். வீட்டில் ஒரு போன் வாங்கப் பல மாதக் கூலியில் மிச்சம் பிடிக்கிறோம். அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறோம். இவ்வளவு பணம் போட்டு வாங்கிய சாமான் நம் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்பதும் கூலிப் பிரச்சினைதான்.

2020 ஜூன் 1ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, கேரள அரசாங்கம் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பாடம் நடத்தத் தொடங்கியது. 2005இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த அலைவரிசை அது. என்ன செய்வதென்று தெரியாமல் பல மாநிலங்கள் கைபிசைந்து நின்ற நேரத்தில் கேரளம் முதல் நாளே மணி அடித்தது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மணி மலையாளத்தில் அடித்தது. தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் பின்னால்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் யூடியூப் வழியாக வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்து வீட்டில் இருந்தால்கூடப் போதும், நாலு பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துவிடும். யூடியூபுக்கு போன் வேண்டும், டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும். வசதி குறைந்தவனுக்குத்தான் செலவு கூடிய வழி கிடைத்தது.

அந்த இடைவெளியில் நம் வீடுகளில் என்ன நடந்தது? பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற சித்தி, மாமன் மக்கள் தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய அலைவரிசை அது. பாடம் நல்ல தமிழில் இருந்தது. பிள்ளைக்குப் புரிந்தது, நமக்கும் சந்தோஷம். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. தமிழில் பாடம் தேடினால் முதலில் வந்து நிற்பவை தமிழ்நாட்டுப் பாடங்கள்தான்.

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். நம் பிள்ளையின் கையிலிருப்பது கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரித்த தமிழ் வழிப் புத்தகம். எழுதப்போவது கேரள எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அங்கே பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே பாடம், ஒரே பரீட்சை. இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று தனிப் பாடங்கள், மூன்று பரீட்சைகள். சமூக அறிவியலைக் கேட்கவே வேண்டாம். வைக்கம் போராட்டம் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் பெரியாரிலிருந்து கதை தொடங்கும், இந்தப் பக்கம் டி.கே. மாதவனிலிருந்து தொடங்கும். இரண்டும் நம்முடைய வரலாறுதான், இரண்டையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். ஆனால் கேள்வித்தாள் இந்தப் பக்கத்தில் அச்சாகிறது. அந்தப் புத்தகத்துச் சொல்லை வைத்து இந்தப் புத்தகத்துக் கேள்விக்குப் பதில் எழுதினால் மதிப்பெண் போகிறது. பிள்ளை மக்கு என்று நாம் திட்டுகிறோம். "தமிழில் படித்தால் இப்படித்தான்" என்று யாரோ சொல்ல, அடுத்த வருஷம் பிள்ளையை வேறு மீடியத்துக்கு மாற்றிவிடுகிறோம். எல்லாரும் இப்படியே மாற்றினால் வகுப்பில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும், தமிழ் ஆசிரியர் பணியிடமும் கூடவே போகும். தவறான பாடத்தைச் சரியான பாடம் என்று நம்பியதில் தொடங்குகிற நஷ்டம் ஒரு பள்ளிக்கூடத்தையே தொட்டுவிடுகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டுப் பாடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பின்னக் கணக்கும் வடிவியலும் வாளையாறு சோதனைச் சாவடியில் மாறிவிடுவதில்லை. கணக்கில் ஒரு முறை விளங்கவில்லை என்றால் அங்கிருந்து கேட்டுக்கொள்ளலாம். இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் அகராதிகளும் இருக்கின்றன. ஆனால் பிள்ளை எதைத் திறந்தாலும் பக்கத்தில் நம் பாடப்புத்தகம் விரித்திருக்க வேண்டும். புத்தகத்தின் தலைப்போடு பாடத்தின் தலைப்பு பொருந்துகிறதா, கலைச்சொல் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பிறகு கேட்கட்டும்.

வருஷத்தையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2024இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் 2025இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் வந்துவிட்டது. கொரோனா காலத்தில் எடுத்த பாடங்கள் இன்னும் யூடியூபில் கிடக்கின்றன. அரசாங்கத்தின் பாடம்தான், நல்ல ஆசிரியர் நடத்தியதுதான், ஆனால் பழைய புத்தகத்துக்கு நடத்தியது. "அரசாங்க முத்திரை இருக்கிறதே" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் ஏமாந்துபோவோம்.

இதையெல்லாம் சோதிக்க நமக்குப் படிப்பில்லை என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். மூணாற்றுத் தோழியரைக் கேளுங்கள். கொளுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு எத்தனை, சாக்குக்கு எத்தனை கழிக்கிறார்கள் என்று தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதவர்கள் அவர்கள். அந்தக் கண் போதும். இந்தப் பாடத்தை யார் போட்டது, எந்த வருஷம் போட்டது, இலவசம் என்று சொல்லிவிட்டு எத்தனையாவது நாள் காசு கேட்கிறது? இதைக் கேட்க எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும். அதுவும் முடியாதென்றால் பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

காசு என்றதும் பைஜூஸ் ஞாபகம் வரும். நம் கேரளத்தில் பிறந்தவர் தொடங்கிய கம்பெனி, உலகமெல்லாம் விளம்பரம் செய்த கம்பெனி. பெற்றோர்களை வற்புறுத்திக் கடனில் பாடம் விற்கிறார்கள் என்ற புகாரின்மேல் 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை அதிகாரியை விசாரணைக்கு அழைத்தது. 2024 ஜூலையில் அந்தக் கம்பெனிமீது திவால் நடவடிக்கை தொடங்கியது. ஆகவே தவணையில் பாடம் விற்க யார் வாசலுக்கு வந்தாலும், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் காகிதத்தைக் கொண்டு வாருங்கள்.

இலவசம் என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு, 49 அரசாங்கங்கள் சிபாரிசு செய்த 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 146 பிள்ளைகளின் உரிமைக்கு ஆபத்தான முறையில் விவரம் சேகரித்தன என்றது. நம் மத்திய அரசாங்கத்தின் திக்ஷா செயலியும் அந்தப் பரிசீலனையில் இருந்தது. பிள்ளை இருக்கிற இடத்தின் விவரத்தை அது எடுத்தது என்று அறிக்கை குறிப்பிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமா? இடம், தொடர்பு எண்கள், கேமரா என்று அனுமதி கேட்டால், பாடத்துக்கு அது எதற்கு என்று யோசித்துவிட்டு விரலை வையுங்கள்.

இப்போது கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் எழுதிக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. வீட்டுப்பாடத்தை அதனிடம் எழுதி வாங்குகிற பிள்ளைகள் இங்கேயே இருக்கிறீர்கள், தலையைக் குனிய வேண்டாம்! அதைச் சோதிக்க ஒரு வழி: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். நம்மூர் எந்தப் பஞ்சாயத்து, ஆளியார் தண்ணீர் நமக்கு எப்படி வருகிறது, கொளுந்து எப்படிக் கிள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். தெரிந்த விஷயத்திலேயே தப்பைத் தப்பென்று காட்டாமல் சரளமாகச் சொன்னால், தெரியாத விஷயத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இவ்வளவும் சிக்னல் கிடைக்கிறவர்களுக்கு. பொதுமுடக்கக் காலத்தில் ராஜமலைப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடி இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கம் வரை போய், மழையில் குடை பிடித்துப் பாடம் கேட்டார்கள். அதே மலையில்தான் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியது, நம் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். கரண்டும் போனும் இல்லாததால் செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. கோபுரம் வேண்டும் என்று நாம் கேட்டால், பிள்ளைகள் சினிமா பார்க்கக் கேட்கிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள் பெட்டிமுடிக்கு ஒரு தடவை போய்வர வேண்டும்.

நாம் கேட்பது சலுகை இல்லை. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோதே, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற வாக்குறுதியோடு 2023 ஜூனில் கே-ஃபோன் தொடங்கப்பட்டது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் கேட்கிறோம்: மலையாளத்தில் ஒரு பாடம் இணையத்தில் ஏறுகிற அன்றே அது தமிழிலும் ஏற வேண்டும். மாதிரிக் கேள்வித்தாளும் அப்படியே வர வேண்டும். பழைய புத்தகத்துப் பாடங்களின்மேல் 'பழையது' என்று எழுதி வைக்க வேண்டும், இதற்குக் காசுகூட ஆகாது. எஸ்டேட் லயங்களுக்கு இணைப்பு வர வேண்டும். கொரோனா காலத்தில் வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சி வைத்துப் பிள்ளைகளைக் கூட்டாக உட்கார வைத்தார்களே, அந்த ஏற்பாடு தமிழ்ப் பகுதி வாசகசாலைகளில் மறுபடி நடக்க வேண்டும்.

மனு தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையையும் அதன் பாடப்புத்தகத்தையும் போனையும் கொண்டு வாருங்கள். நம் தமிழாசிரியர்கள் இருவர் உட்கார்ந்து, எந்தப் பாடம் நம் புத்தகத்தோடு சேர்கிறது, எது சேரவில்லை என்று வகுப்பு வாரியாகக் குறித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பத்தாம் வகுப்பு. சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள், இந்த மண்டபத்தில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருக்கிறது.