நேரம் விற்றவரும் பெல்ட் விற்றவரும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய மாணவன், ஒரு இருபது நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் ஃபோனில் சொன்னார். விடுதி இட்லியைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பற்றி எனக்கு முன்னால் பேசியவர்களே போதுமான அளவு கண்ணீர் விட்டுவிட்டார்கள். எனவே என் தொழிலுக்கு ஒட்டிய ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தருவதுதான் என் வேலை. கதை நடந்த ஊர் லண்டன். காலம், பெரும்பாலும் விக்டோரியா ராணி ஆண்ட காலம்.

1836ஆம் ஆண்டு. கிரீனிச் வானாய்வகத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துத் துல்லியமாக நேரம் கணிப்பார்கள். லண்டன் கடிகாரக் கடைக்காரர்களுக்கு அந்த நேரம் வேண்டும். கடிகாரத்தைச் சரி செய்து விற்பவன் கையில் சரியான நேரம் இல்லாவிட்டால் எப்படி? ஆள் மாற்றி ஆள் வந்து வானாய்வகத்தின் கதவைத் தட்டினால் அங்கே வேலை கெடுகிறது. அதனால் ஜான் ஹென்றி பெல்வில் என்ற உதவியாளர் ஒரு வழி செய்தார். ஒரு நல்ல குரோனோமீட்டரைக் கிரீனிச்சில் சரிபார்த்துக்கொண்டு, கடை கடையாகப் போய்க் காட்டுவது. பார்ப்பதற்கு ஆண்டுச் சந்தா. ஆமாம், நேரத்தைப் பால் ஊற்றுவது மாதிரி வாடிக்கையாக ஊற்றினார்!

அந்தக் கடிகாரம் ஜான் ஆர்னால்டு என்ற பெயர்பெற்ற தொழிலாளர் செய்தது. தங்கக் கூட்டில் இருந்தது. திருட்டுப் பயத்தால் பெல்வில் அதை வெள்ளிக் கூட்டுக்கு மாற்றினார். 1856இல் அவர் காலமானார். அவருடைய மனைவி மரியா அதே கடிகாரத்தை எடுத்துக்கொண்டு 1892 வரை நடந்தார். அவருக்குப் பிறகு மகள் ரூத் 1940 வரை நடந்தார். ஒரு குடும்பம், ஒரே கடிகாரம், நூறு ஆண்டுக்கு மேல் வியாபாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கடிகாரமும் மிகச் சரியாக ஓடவில்லை. எந்தக் கடிகாரமும் ஓடாது. கிரீனிச்சில் அதன் முள்ளைத் திருகிச் சரி செய்யமாட்டார்கள். "இன்று இத்தனை விநாடி முந்துகிறது" அல்லது "பிந்துகிறது" என்று எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். ரூத் அம்மா கடைக்காரரிடம் அந்தப் பிழையையும் சேர்த்தே சொல்வார். தன் சரக்கில் எவ்வளவு பிழை என்று சொல்லி விற்ற வியாபாரி அவர்.

இத்தனைக்கும் 1852 முதலே கிரீனிச்சிலிருந்து தந்திக் கம்பி வழியாக நேரம் போய்க்கொண்டிருந்தது. 1908இல் அப்படிக் கம்பி வழியே நேரம் அனுப்பும் நிறுவனத்தைச் சேர்ந்த வின் என்பவர் ஒரு கூட்டத்தில் பெல்வில் முறையைக் கேலி செய்து பேசினார். பெண் என்பதால்தான் அவருக்குக் கதவு திறக்கிறது என்ற தொனியிலும் பேசினார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. விளைவு? ரூத் அம்மாவுக்குச் செலவில்லாத விளம்பரம்!

இப்போது அதே லண்டனில் வேறு ஒரு கடைக்குப் போவோம். ஆக்ஸ்ஃபோர்டு தெரு, எண் 52. மெடிக்கல் பேட்டரி கம்பெனி. முதலாளி கார்னீலியஸ் பென்னட் ஹார்னெஸ். சரக்கு, 'எலெக்ட்ரோபதிக் பெல்ட்'. செம்பும் துத்தநாகமும் பதித்த இடுப்புப் பட்டை. இதைக் கட்டிக்கொண்டால் உடம்பில் மெல்லிய மின்சாரம் ஓடும், நரம்புத் தளர்ச்சி, மூட்டுவலி, அஜீரணம் எல்லாம் போய்விடும் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரம். ஆலோசனை இலவசம். நேரில் வரலாம், தபாலிலும் எழுதலாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மின்னியல் மாணவர்களைக் கேட்கிறேன். செம்பும் துத்தநாகமும் இருந்தால் மட்டும் போதுமா? நடுவில் ஈரமான மின்பகுளி வேண்டும், சுற்று மூடியிருக்க வேண்டும். காய்ந்த தோலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். அதையும் தாண்டி நூலளவு மின்னோட்டம் ஓடினாலும், அது ஓடுவது வேறு, நோய் தீர்வது வேறு. எலெக்ட்ரிக்கல் ரிவ்யூ என்ற பொறியாளர் பத்திரிகை இந்த பெல்ட்டை விடாமல் தாக்கியது. 1893இல் பால் மால் கெஜட் நாளிதழும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியது. கம்பெனி அதற்குப் பிறகு நிமிரவில்லை.

அதுவரை எப்படி ஓடியது? அந்தரங்க வைத்தியம் என்பதால் ஓடியது. லண்டனில் டாக்டர் கான் என்பவர் 1851இல் உடற்கூறு மியூசியம் ஒன்று வைத்தார். மெழுகுப் பொம்மைகளில் நோய்களைப் பார்த்து இளைஞர்கள் நடுங்குவார்கள். நடுங்கியவனுக்கு ரகசியச் சிகிச்சை தயாராக இருக்கும். ஏமாந்தவன் வெளியே சொல்லுவானா? வெட்கம்தான் அந்த வியாபாரத்துக்குப் பூட்டு. 1873இல்தான் வழக்கு நடந்து அந்தப் பொம்மைகள் உடைக்கப்பட்டன. கடிகாரம் தப்பாக ஓடினால் ரயில் போய்விடும், மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை போடுவோம். இதில் சண்டை போட வழியே இல்லை.

இன்னொரு காரணம் முத்திரை. அப்போது பெயர் பதித்த மருந்துகளுக்கு அரசு வரி உண்டு. ஒரு ஷில்லிங் டப்பாவுக்கு ஒன்றரைப் பென்னி. வரி கட்டியதற்கு அடையாளமாக டப்பாவில் அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டுவார்கள். அது வரி ரசீது, அவ்வளவுதான். ஆனால் சர்க்காரே சரி என்று சொல்லிவிட்டது என ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வியாபாரிகள் கலைப்பார்களா? பீச்சம் மாத்திரை ஒரு பெட்டி ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, அதாவது பதிமூன்றரைப் பென்னி. உள்ளே இருந்தது கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் சோதித்து, உள்ளிருக்கும் சரக்கின் விலை அரை ஃபார்திங் என்று அச்சிட்டது. ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 108 மடங்கு!

நாம் நிற்பது ஒரு கல்லூரியில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாமஸ் ஹாலோவே என்பவர் 1837 முதல் இதே மாதிரி களிம்பும் மாத்திரையும் விற்றவர். விளம்பரத்துக்கு மட்டும் 1842இல் 5,000 பவுண்டு செலவிட்டார். கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 பவுண்டு. அந்தப் பணத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். 1886இல் ராணியே வந்து திறந்துவைத்தார். இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் பகுதியாக நல்ல பெயரோடு நடக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வரவா, செலவா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன்?

என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று கூப்பிட்டார்கள். அப்பா போய்விட்டு ஒரு இடுப்பு பெல்ட்டோடு வந்தார். விலை 8,500 ரூபாய். உள்ளே காந்தம், 'மின் அலை' வேறு வருமாம். இடுப்பு வலி போகும், ரத்த அழுத்தமும் இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்றார்களாம். லீவில் வீட்டுக்குப் போன நான் அதைப் பார்த்தேன். மனசுக்குள் சிரித்தேன். ஆசையாக வாங்கியிருக்கிறார், எதற்கு வருத்தப்பட வைப்பது என்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மாத்திரையை அவர் நிஜமாகவே நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

எட்டு மாசம் கழித்து ஒரு ராத்திரி அம்மா ஃபோன் செய்தார்கள். அப்பாவுக்கு இடது கை விழுந்துவிட்டது, வாய் கோணுகிறது என்று. உயிர் தப்பியது, தெய்வாதீனம். பேச்சும் திரும்பியது. ஆனால் அந்தக் கையால் இன்றைக்கும் டம்ளரைப் பிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் அந்த பெல்ட்டை எடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மின்னழுத்தம் இல்லை, மின்னோட்டம் இல்லை. பூஜ்யம். பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இன்ஜினீயர். அன்னிக்குப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பர்களே, அந்த பெல்ட்டின் மேல் ஒட்டியிருந்த சர்க்கார் முத்திரை நான்தான். நம்முடைய பட்டம் நம் வீட்டில், நம் தெருவில் ஒரு முத்திரை. நாம் வாய் திறக்காவிட்டாலும் அது ஒட்டிக்கொள்கிறது.

தம்பி, தங்கைகளே, ஆய்வகத்தில் கால்வனாமீட்டர் முள் எங்கே நின்றாலும் சீனியர் அண்ணனுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதும் வழக்கம் நம் கல்லூரியில் இருந்தது. நானும் எழுதியவன்தான். என் ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார், இப்போது மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன். அந்த வழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடுங்கள். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுங்கள். பிழை இருந்தால் எவ்வளவு பிழை என்று எழுதுங்கள். ரூத் அம்மா நாற்பத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தார்.

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், எதை நிறுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டர் சொன்னாரா, முகாம்காரர் சொன்னாரா என்றும் கேளுங்கள். வருத்தப்படுவார்களே என்று பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.