யானைக்கால் நோயாளிக்குக் கற்பித்தலும் சிகிச்சையே

யானைக்கால் நோய் என்றதும் மாத்திரை வழங்கும் முகாமும், இரவு நேர இரத்தப் பரிசோதனையும், கொசுவலையும் நினைவுக்கு வருவது இயல்பு. சுகாதாரத் துறையினர் பல்லாண்டுகளாக மக்களிடம் சொல்லி வந்துள்ள செய்தி அதுவே. இச்செய்தி நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும் என்று எண்ணுவது சரியன்று என்பதற்கு நிக்கோபார் தீவுகளின் நடுப்பகுதி நல்ல சான்றாகும்.

பெருநிலப்பரப்பில் இந்நோயை மிகுதியும் உண்டாக்கும் உச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் புழுவின் நுண்புழுக்கள், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில்தான் வெளி இரத்த ஓட்டத்தில் திரளாகக் காணப்படும். சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவும் இரவிலேயே கடிக்கிறது. சவுரா, தெரேசா, பொம்போகா, கமோர்ட்டா, கச்சால், நன்கவுரி முதலிய தீவுகளைக் கொண்ட நன்கவுரித் தொகுதியிலோ நிலைமை வேறு. அங்குள்ள புழு வகையின் நுண்புழுக்கள் பகலிலும் இரவிலும் இரத்தத்தில் இருக்கும், பகலில் மிகும். அதைப் பரப்புவது ஏடிஸ் நிவியஸ் என்னும் காட்டுக் கொசு. மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் அது பெருகுகிறது, பகலில் கடிக்கிறது. இந்தியாவில் இவ்வகைத் தொற்று இத்தீவுகளில் மட்டுமே அறியப்பட்டுள்ளது.

ஆகவே, "சாக்கடையை மூடுங்கள், இரவில் வலைக்குள் உறங்குங்கள்" என்ற அறிவுரையை அச்சிட்டுக் கப்பலில் அனுப்பினால், நன்கவுரி மக்களுக்கு அதனால் இந்நோயிலிருந்து பாதுகாப்பு ஏற்படாது. கச்சால் தீவை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்படிக்கையின் விளைவாகத் தாயகம் திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில அத்தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டச் செல்பவருக்கும், தென்னந்தோப்பிலும் காட்டோரத்திலும் பகற்பொழுதைக் கழிக்கும் நிக்கோபாரியருக்கும் வேலை நேரமே கடிபடும் நேரமாகும். மக்களுக்குக் கற்பிக்க வேண்டியது எது என்பதை அந்த மண்ணிலிருந்தே அறிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

பரவலைத் தடுக்கும் பணியில் கண்ட முன்னேற்றம் பெரிது. 2004ஆம் ஆண்டு முதல் தேசியத் திட்டத்தின்கீழ் டி.இ.சி. மாத்திரையும், பின்னர் அதனுடன் அல்பெண்டசோலும் அனைவருக்கும் வழங்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைச் சிதைத்தது. டிரிங்கட் தீவு மக்கள் கமோர்ட்டாவுக்கு இடம்பெயர்ந்தனர். பல சுற்று மருந்து வழங்கிய பின்னும் தொற்று எஞ்சி நின்றதால், போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) 1983 முதல் இயங்கிவரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மண்டல மையம், டி.இ.சி. கலந்த உப்பைத் துணை நடவடிக்கையாக மேற்கொண்டது. காரைக்காலில் 1980களிலேயே சோதித்துப் பார்த்த முறை இது. நுண்புழு விகிதம் 1 சதவீத வரம்புக்குக் கீழே இறங்கியதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் தொற்று நீங்கினாலும் வீங்கிய கால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புழுவால் சிதைந்த நிணநீர்க் குழாய்களை டி.இ.சி. செப்பனிடாது. விரைவீக்கத்திற்கேனும் அறுவை சிகிச்சை உண்டு. கால் வீக்கத்திற்கு நோயாளி அன்றாடம் தன் கையால் செய்துகொள்ளும் பராமரிப்பே முதன்மையான சிகிச்சை. இவ்வகையில் இந்நோய், சிரை நாளக் கோளாற்றால் கணுக்காலருகே தோன்றும் ஆறாப் புண்ணுக்கு உறவானது. அப்புண்ணையும் மருத்துவமனையில் ஒருமுறை ஆற்றிவிடலாம். அழுத்தக் கட்டினையும் காலை உயர்த்தி வைக்கும் பழக்கத்தையும் வீட்டில் கைவிட்டவருக்கு அது மீண்டும் வருகிறது. இரு நோய்களிலும் மருத்துவர் நோயாளியைக் காணும் நேரம் ஆண்டில் சில மணிகளே. எஞ்சிய நேரமெல்லாம் கால் நோயாளியின் பொறுப்பில்தான் இருக்கிறது.

நோயாளி கற்க வேண்டியது அதிகமில்லை. வீக்கமுற்ற காலின் தோல் மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் ஈரம் தங்கி வெடிப்பும் சேற்றுப்புண்ணும் தோன்றுகின்றன. அவ்வழியே கிருமிகள் நுழைவதால் குளிர் காய்ச்சல் வருகிறது. கால் சிவந்து வலிக்கிறது. பல நாள் படுக்கையில் கிடக்க நேர்கிறது. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை ஒரு படி கூட்டிச் செல்கிறது. மக்கள் இக்காய்ச்சலைப் புழுவின் வேலையென்று கருதி மாத்திரையைத் தேடுகின்றனர். உண்மையில் சோப்பும் நல்ல நீரும் கொண்டு நாள்தோறும் கழுவி, விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்து, வெடிப்பு உள்ளதா எனப் பார்த்துக் களிம்பிடுவதே அதைத் தடுக்கும் வழி. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், பொருந்தும் செருப்பணிவதும் இதனோடு சேர்ந்தவை. காய்ச்சல் கண்ட நாட்களில் மட்டும் பயிற்சி கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு ஓய்வெடுத்து, சுகாதார ஊழியரை நாட வேண்டும். அழுத்தக் கட்டு மட்டும் தானாகக் கட்டிக்கொள்ளத்தக்கதன்று. தமனி இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது தீங்கு செய்யும். எனவே மருத்துவர் பார்த்த பின்னரே கட்ட வேண்டும்.

இத்தனை எளிய செயலுக்குச் சிகிச்சை என்ற பெயர் தகுமா என்ற ஐயம் அலுவலர் சிலரிடம் உண்டு. கேரளத்தின் ஆலப்புழை மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. அங்குள்ளது புருகியா மலாயி என்னும் வேறு புழு. கால் படும் துன்பம் ஒன்றே. ஒரு பிரிவினருக்கு ஐவர்மெக்டின், இன்னொரு பிரிவினருக்கு டி.இ.சி., மூன்றாம் பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரை எனக் கொடுத்து, காலைப் பேணும் முறையை மூவருக்கும் பொதுவாக வைத்தனர். மூன்று பிரிவிலும் காய்ச்சல் குறைந்தது. மருந்து உண்டவர்க்குக் கூடுதல் பலன் காணப்படவில்லை. பொருளாதார நோக்கில் இதன் பொருள் கவனிக்கத்தக்கது. தடுக்கப்படும் ஒவ்வொரு காய்ச்சலும் நாட்கூலி பெறும் குடும்பத்திற்குப் பல நாள் வருமானம். அதற்கு ஈடாகச் செலவாவது சோப்பும் துணியும் களிம்பும், ஊழியரின் சில மணி நேரமுமே.

எனினும் நிக்கோபாரில் இதைச் செயற்படுத்துவது அவ்வளவு எளிதன்று. கமோர்ட்டா தலைநகரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலும் படகும் நினைத்தபடி வருவதில்லை. நோயாளியை மருத்துவமனைக்கு வரச் சொல்லும் திட்டம் ஆதலால் ஏட்டளவில் நின்றுவிடும். சிறு தீவுகளில் நன்னீர் அருமையானது. நாளுக்கு இருமுறை காலைக் கழுவுமாறு சொல்லும் ஊழியர், அந்த வீட்டில் நீர் எங்கிருந்து வருகிறதென்று முதலில் கேட்டறிய வேண்டும். மழைநீர்த் தொட்டியும் இச்சிகிச்சையின் ஒரு கருவியே. மொழியும் ஒன்றல்ல. சவுராவின் பேச்சு வேறு, தெரேசாவின் பேச்சு வேறு, கமோர்ட்டா–கச்சால் பேச்சு வேறு; கச்சாலின் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ். இந்தியில் அச்சிட்ட சுவரொட்டியைவிட, ஒரு நோயாளியின் காலை அவர் வீட்டினர் முன்னிலையில் ஊழியரே ஒருமுறை கழுவிக் காட்டுவது பயன் மிக்கது. அப்படித் தொட்டுக் கழுவும்போது, நாற்றத்திற்கும் பிறர் பார்வைக்கும் அஞ்சி ஒதுங்கிய மனிதரின் கூச்சமும் ஓரளவு விலகுகிறது. கேப்டன் என்றழைக்கப்படும் கிராமத் தலைவரை முதலில் இணங்கச் செய்தால் கூட்டுக் குடும்ப அமைப்பே மீதியைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்புண்டு.

இங்கு எச்சரிக்கை ஒன்றும் தேவைப்படுகிறது. நுண்புழு விகிதம் வீழ்ந்ததும் திட்டத்தின் நிதியும் ஊழியரும் வேறு பணிக்குத் திருப்பப்படுவது நிர்வாகத்தில் வழக்கம். நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது, அவர்கள் வாழும் இடம் தொலைவு. கணக்கிலிருந்து நழுவ இவ்விரண்டும் போதும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிப்புக்குச் சான்று வழங்குகையில் பரவல் நின்றதை மட்டும் பார்ப்பதில்லை. எஞ்சிய நோயாளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு எங்கே பராமரிப்புக் கிடைக்கிறது என்ற விவரத்தையும் கேட்கிறது. இலங்கை 2016இல் அச்சான்றைப் பெற்றது இவ்விரு கணக்கையும் காட்டித்தான். நன்கவுரித் தொகுதியின் ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் நோயாளிப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். மாத்திரை விழுங்கினாரா என்ற கட்டத்திற்கு அடுத்து, அவ்வாண்டில் எத்தனை முறை காய்ச்சல் கண்டது, எத்தனை நாள் வேலைக்குச் செல்லவில்லை, காலைக் கழுவும் முறையை ஊழியர் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது என்ற மூன்று கட்டங்களை அதில் சேர்ப்பதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.