சம்மதம் யார் கொடுத்தது?

(முண்டியம்பாக்கம் கூட்டத்தில் பேசியது)

அமெரிக்காவில் 1787-ல் எழுதிய அரசியல் சட்டம், ஒன்பது ராஜ்யங்களின் மகாநாடுகள் சம்மதித்த பிறகே செல்லுபடியாயிற்று. நமது சட்டமோ? சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்கே ஓட்டிருந்த காலத்தில் தேர்ந்தெடுத்த மாகாண சட்டசபைகளும், சமஸ்தானங்களும் அனுப்பிய பிரதிநிதிகள் 1949 நவம்பர் 26-ல் தாங்களே நிறைவேற்றிக்கொண்டார்கள். ஜனங்களிடம் ஓட்டுக்கு விடவில்லை. மாகாணங்களின் சம்மதத்துக்கும் அனுப்பவில்லை.

பலன் என்ன? பட்டியலில் சொல்லாத அதிகாரமெல்லாம் டெல்லிக்கு. ராஜ்யத்தின் எல்லையை மாற்ற அதன் அபிப்பிராயம் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. விவசாயம் ராஜ்யத்தினுடையதாம்! ஆனால் இவ்வூர் ஆலைக்குப் போகும் கரும்புக்குக் குறைந்தபட்ச விலை வைப்பது டெல்லி. கரும்பு போடுகிறவர் இங்கே, விலை போடுகிறவர் அங்கே!

நாம் சொல்வதற்காக நம்பாதீர்கள். சட்டத்தைப் படியுங்கள், புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புங்கள். மனிதன் எழுதியது வேதமல்ல, மனிதனே திருத்தலாம்.